கடவுச்சொல்லை வரிக்குள் எழுதிக் காட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் வரும் பைத்தான் தொடரை முதல் வாரத்திலிருந்து படித்துவருகிறேன். அதைப் படித்துக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை. தமிழில் ஒருவர் நிரல் எழுதுவதைப் பற்றி இவ்வளவு இயல்பாக எழுதுகிறாரே என்ற சந்தோஷத்துக்காகவே படிக்கிறேன். பட்டியல்களைப் பற்றி அவர் எழுதிய வாரத்தை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். சென்ற வாரப் பகுதியும் இப்போது அதே மேசையில்தான் கிடக்கிறது, சிவப்பு மையில் கோடு போட்டபடி.

லாகின் கேட்கும் சர்வரிடமிருந்து தகவலை எடுப்பது எப்படி என்பதுதான் அந்த வாரப் பாடம். ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியை, அதாவது சர்வரோடு பேச ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்பை எடுத்துக்கொண்டு, பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, முகவரியோடு சேர்த்து அனுப்பிக் காட்டியிருந்தார். லைப்ரரி இவற்றை பேஸ்64 முறையில் மறையாக்கி அனுப்புவதால் பயமில்லை என்றும், மற்றதை எல்லாம் லைப்ரரியே பார்த்துக்கொள்ளும் என்றும் எழுதியிருந்தார். மூன்று விஷயங்கள். மூன்றிலும் எனக்குச் சண்டை இருக்கிறது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வேறு வேறு சர்வர்களிலிருந்து இரவோடு இரவாகத் தகவலை இழுத்துவந்து, காலையில் அலுவலகம் திறக்கும்போது அறிக்கையாக வைக்கும் சின்னச் சின்ன நிரல்களை எழுதுவது என் வேலை. 17 ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறேன். பெரிய மேதாவித்தனம் ஒன்றும் இதில் இல்லை. ஆனால் லாகின் விவரத்தை எங்கே வைப்பது, எப்படி அனுப்புவது, அது ஏன் போய்ச் சேரவில்லை என்ற மூன்று கேள்விகளோடு மட்டும் என் வாழ்நாளில் கணிசமான பகுதி போயிருக்கிறது.

இந்த வாரம் என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் தான் எழுதிய நிரலைக் காட்டினாள். அழகாக எழுதியிருந்தாள். நடுவில் எங்கள் சர்வரின் உண்மையான கடவுச்சொல், மேற்கோள் குறிக்குள், பளிச்சென்று. "இதை ஏம்மா இங்க எழுதின?" என்று கேட்டேன். "பேப்பர்ல அப்படித்தானே மேடம் போட்டிருந்தாங்க" என்றாள். அவள் மேல் தப்பே இல்லை. பாடத்தில் கடவுச்சொல் எந்த இடத்தில் இருந்ததோ, அதே இடத்தில் தன் கடவுச்சொல்லை வைத்திருக்கிறாள். மாதிரி நிரலை எல்லோரும் அப்படித்தான் எடுத்தாள்வார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

முதலில் பேஸ்64. அது மறையாக்கம் இல்லை. மூன்று பைட்டுகளை எடுத்து நான்கு எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை, அவ்வளவுதான். ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண்கள் 10, கூட்டல் குறியும் சாய்கோடும் சேர்ந்து 64. அதனால்தான் அந்தப் பெயர். பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது. திருப்பிப் படிக்க பைத்தானிலேயே ஒரு வரி போதும். பயனர்பெயர், நடுவில் ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் கடவுச்சொல், இந்த மூன்றையும் சேர்த்து பேஸ்64-இல் எழுதி, 'பேசிக்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒட்டி, ஆத்தரைசேஷன் என்ற ஹெடரில், அதாவது கோரிக்கையின் தலைப்பில் வரும் தனி வரியில், வைத்து அனுப்புவதுதான் பேசிக் முறை. இது பாதுகாப்பான முறை இல்லை என்று உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபி-க்கு 1996இல் வந்த 1.0 ஆவணமே சொல்லிவிட்டது. 2015இல் வந்த ஆர்எஃப்சி 7617 என்ற இணைய நெறிமுறை ஆவணமும் அதையே திரும்பச் சொல்கிறது. பாதுகாப்பு வருவது எச்டிடிபிஎஸ் இணைப்பிலிருந்து. அங்கே ஹெடர் உட்பட எல்லாமே மறையாக்கப்பட்டுத்தான் போகும். பாடத்தில் வந்த முகவரி வெறும் எச்டிடிபி-யில் தொடங்கியிருந்தது. அச்சில் ஓர் எழுத்து விட்டுப்போனதா, ஆசிரியர் அப்படியே எழுதினாரா தெரியவில்லை. இந்த இடத்தில் அந்த ஓர் எழுத்துதான் எல்லாமே.

ஒரு சுவையான விஷயம். அந்த ஆர்எஃப்சி ஆவணத்தில் எடுத்துக்காட்டாக வரும் பயனர்பெயர் அலாதீன், கடவுச்சொல் குகைக் கதவைத் திறக்கும் மந்திரம். அந்த மந்திரம் அலிபாபா கதையில் வருவது, அலாதீனிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் எடுத்துக்காட்டு பொருத்தமானது. திருடர் தலைவன் மந்திரத்தை உரக்கச் சொன்னான், மரத்தின் மேல் இருந்தவன் கேட்டுக்கொண்டான், குகை காலி. வெறும் எச்டிடிபி-யில் பேசிக் முறை நடத்தும் வியாபாரமும் இதுவே.

சர்வரின் சான்றிதழில் பிழை வருகிறது என்று, அதைச் சரிபார்க்கச் சொல்லும் வெரிஃபை என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டுக் கடவுச்சொல்லை அனுப்புகிறவர்களும் உண்டு. எதிரே இருப்பவர் யார் என்று பார்க்க மாட்டேன், சாவியை மட்டும் கொடுத்துவிடுவேன் என்கிற கதை. எங்கள் அலுவலகத்தில் இதைச் செய்தால் நான் கத்துவேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது, கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதுவது. நான் செய்த தவற்றையே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நிரலில் கடவுச்சொல்லை எழுதி, சோதித்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சோதனை முடிந்தது, எடுக்க மறந்துவிட்டேன், நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட்டில் ஏற்றிவிட்டேன். மறுநாள் கவனித்து, அந்த வரியை அழித்து மீண்டும் ஏற்றினேன். சரி, முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். என் மூத்த சக ஊழியர் வந்து, பழைய பதிவு ஒன்றைத் திறந்து, என் கடவுச்சொல்லை என்னிடமே வாசித்துக் காட்டினார். கிட்டின் வேலையே பழையதை மறக்காமல் வைத்திருப்பதுதான். வரியை அழிப்பது தீர்வாகாது, கடவுச்சொல்லை மாற்றுவதுதான் தீர்வு. அதுவும் உடனே. பொதுவில் திறந்துகிடக்கும் களஞ்சியங்களை இதற்காகவே துழாவிக்கொண்டிருக்கும் நிரல்கள் இருக்கின்றன. அவை நம்மைவிடச் சுறுசுறுப்பானவை.

இதைவிட மோசம், முகவரிக்குள்ளேயே பயனர்பெயரும் கடவுச்சொல்லும் எழுதி, நடுவில் அட் குறி போடுவது. தொடரின் ஆசிரியர் இதையும் ஒரு குறுக்குவழியாகக் கடைசியில் சொல்லியிருந்தார். யூஆர்எல் இலக்கணத்தை வகுக்கும் ஆர்எஃப்சி 3986, முகவரிக்குள் கடவுச்சொல்லை இப்படி வைக்கும் வழக்கத்தை 2005லேயே கைவிடச் சொல்லிவிட்டது. கொள்கையை விடுங்கள், நடைமுறையிலேயே உதைக்கும். ஒருமுறை என் கடவுச்சொல்லின் நடுவில் ஹாஷ் குறி இருந்தது. முகவரியில் அந்தக் குறிக்குப் பின்னால் வருவதெல்லாம் பக்கத்துக்குள் இருக்கும் இடத்தைக் காட்டும் துணுக்கு என்று பொருள். ஆகவே லைப்ரரி என் பயனர்பெயரை சர்வரின் பெயராகவும், கடவுச்சொல்லின் முதல் பாதியை போர்ட் எண்ணாகவும் புரிந்துகொண்டது. இதை எண்ணாக மாற்ற முடியவில்லை என்று பிழைச்செய்தி போட்டது. எதை மாற்ற முடியவில்லை? என் கடவுச்சொல்லின் முதல் பாதியைத்தான். அதையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் திரையில் காட்டியது. அந்தத் திரையைப் படம்பிடித்து உதவி கேட்டு நான்கு பேருக்கு அனுப்பியிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குறிகளை விழுக்காட்டுக் குறியோடு மாற்றி எழுதலாம், அட் குறிக்கு 40, ஹாஷ் குறிக்கு 23 என்று. எழுதலாம்தான். ஆனால் தனியாகக் கொடுக்க இடம் இருக்கும்போது எதற்கு அந்த வேலை? சர்வரிலிருந்து தகவலை எடுக்க உதவும் கர்ல் என்ற இன்னொரு லைப்ரரியிலும் இதே பாடம் இருக்கிறது. அதில் முதலில் பெயரையும் கடவுச்சொல்லையும் முக்காற்புள்ளி போட்டு ஒன்றாகக் கொடுக்கும் வழிதான் இருந்தது. பிறகுதான் இரண்டுக்கும் தனித்தனி இடம் வந்தது. பேசிக் முறையில் கடவுச்சொல்லுக்குள் முக்காற்புள்ளி வரலாம், பயனர்பெயருக்குள் வரக் கூடாது. ஏனென்றால் சர்வர் முதல் முக்காற்புள்ளியில்தான் வெட்டும்.

சரி, வேறு எங்கே வைப்பது? நிரலுக்கு வெளியே இயங்குதளம் வைத்திருக்கும் சூழல் மாறியில் வைத்து, பைத்தானின் ஓஎஸ் என்விரான் மூலம் எடுக்கலாம். அது முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். அதே பயனர் பெயரில் ஓடும் வேறு நிரல்கள் அதைப் பார்க்க முடியும், நிரல் சரிந்து விழும்போது எடுக்கும் அறிக்கையில் சூழல் மாறிகளும் சேர்ந்து போய்விடக்கூடும். ஆனால் நிரல் கிட்டுக்குப் போகும்போது கடவுச்சொல் கூடப் போகாது. ஆள் உட்கார்ந்து ஓட்டும் நிரல் என்றால் கெட்பாஸ் போட்டு அப்போதைக்குக் கேட்டுக்கொள்ளலாம். தட்டும்போது திரையில் தெரியாது. இயங்குதளத்தின் சாவிக்கொத்தில் வைத்து கீரிங் என்ற லைப்ரரி வழியாக எடுப்பது இன்னும் நல்லது. கட்டளை வரியில் மட்டும் எழுதாதீர்கள். ஷெல்லின் வரலாற்றிலும் தங்கும், அதே கணினியில் இருக்கும் இன்னொருவர், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையைத் தட்டினால் அந்தப் பட்டியலிலும் தெரியலாம்.

கோப்பில் வைத்துப் படிப்பவர்களுக்கு ஒரு சொல். கோப்பின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புதுவரிக் குறி இருக்கும். அதையும் சேர்த்துப் படித்து, அதையும் சேர்த்து பேஸ்64 ஆக்கி அனுப்பினால் சர்வர் 401, அதாவது நீ யார் என்று நிரூபிக்கவில்லை, என்று திருப்பி அனுப்பிவிடும். கடவுச்சொல்லை எத்தனை முறை எழுத்து எழுத்தாகப் பார்த்தாலும் சரியாகவே இருக்கும். ஓரத்தில் இருக்கும் அந்தக் குறியை நீக்கும் ஸ்ட்ரிப் போட்டால் தீர்ந்தது. இதற்காக நான் இழந்த மாலைப்பொழுதுகளை எண்ணிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவதுதான் என்னை உண்மையில் எழுத உட்காரவைத்தது. மற்றதை லைப்ரரியே பார்த்துக்கொள்ளும் என்ற வாக்கு. பார்த்துக்கொள்ளும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தோன்றியபடி பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒவ்வொரு விதமாகத் தோன்றும்.

முன்பு ஒரு சேவையில் கடவுச்சொல்லுக்குப் பதிலாக டோக்கன், அதாவது சேவையே தரும் அடையாளச் சரம், வந்தது. டோக்கனை எடுத்து, ஆத்தரைசேஷன் ஹெடரில் 'பேரர்' என்ற சொல்லுக்குப் பின்னால் வைத்து, ரிக்வெஸ்ட்ஸ் மூலம் அனுப்பினேன். 401. அதே டோக்கனை கர்ல் கட்டளையில் வைத்து அனுப்பினால் 200, அதாவது சரி, தகவல் கொட்டுகிறது. பைத்தானில் 401, கர்லில் 200. டோக்கனை மாற்றிப் பார்த்தேன், பைத்தான் பதிப்பை மாற்றிப் பார்த்தேன், கணினியையே மாற்றிப் பார்த்தேன். வேறு கணினியில் பைத்தானிலும் 200 வந்தது! என் கணினிக்கு ஏதோ தோஷம் என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

இரண்டாம் நாள்தான் புத்தி வந்தது. நான் அனுப்பியதாக நினைத்ததைப் பார்ப்பதை விட்டுவிட்டு, உண்மையில் என்ன போனது என்று பார்த்தேன். பதிலோடு கூடவே, அனுப்பிய ரிக்வெஸ்டின் ஹெடர்களையும் அந்த லைப்ரரி வைத்திருக்கும். அச்சிட்டுப் பார்த்தால் 'பேரர்' என்ற சொல்லே இல்லை. அந்த இடத்தில் 'பேசிக்'. பின்னால் ஏதோ பேஸ்64. திருப்பிப் படித்தால் சில ஆண்டுகளுக்கு முந்தைய என்னுடைய பழைய கடவுச்சொல்!

வில்லன் நெட்ஆர்சி என்ற கோப்பு. கோப்புகளை அனுப்பும் பழைய முறையான எஃப்டிபி காலத்து வழக்கம் அது. முகப்புக் கோப்புறையில், பெயரின் முன்னால் ஒரு புள்ளியோடு, கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். மெஷின், லாகின், பாஸ்வேர்டு என்று மூன்று சொற்களில் சர்வருக்கு ஏற்ற விவரத்தை அதில் எழுதிவைப்பார்கள். நானே என்றோ எழுதிவைத்து மறந்திருந்தேன். ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் ஆத் என்ற இடத்தில் நாம் எதுவும் கொடுக்காவிட்டால், அது தானாகப் போய் இந்தக் கோப்பைப் பார்க்கும். சர்வரின் பெயர் அங்கே இருந்தால், அந்த விவரத்தை எடுத்து, நாம் கையால் எழுதிய ஹெடரின் மேலேயே எழுதிவிடும். கர்ல் அப்படியில்லை, கேட்டுக்கொண்டால்தான் அந்தக் கோப்பைத் தொடும். கர்லில் வேலை செய்து பைத்தானில் செய்யாததன் காரணம் அதுதான். வேறு கணினியில் அந்தக் கோப்பு இல்லை.

இது பிழை அல்ல, வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. லைப்ரரியின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. டிரஸ்ட் என்வ் என்ற அமைப்பை அணைத்தால் கோப்பைப் பார்க்காது, ஆனால் சூழல் மாறியில் இருக்கும் ப்ராக்ஸி (இடையில் நின்று கோரிக்கையைக் கடத்தும் சர்வர்) அமைப்பையும் அதோடு சேர்த்து விட்டுவிடும். டோக்கனை ஹெடரில் வைக்காமல், சிறிய ஆத் வகுப்பு ஒன்று எழுதி அதன் வழியாகக் கொடுப்பது இன்னும் சுத்தம். இப்போது அப்படித்தான் செய்கிறேன். அந்தப் பயிற்சிப் பெண்ணுக்கும் முதல் வேலையாக அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பைத்தானோடு கூடவே வரும் யூஆர்எல்லிப்பின் குணம் வேறு. அதற்குக் கடவுச்சொல்லைக் கொடுத்துவைத்தாலும் முதலில் அனுப்பாது. வெறுங்கையோடு போய்க் கதவைத் தட்டும். சர்வர் 401 சொல்லி, எந்த முறையில் அடையாளம் காட்ட வேண்டும் என்று கேட்டால்தான் திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போகும். மரியாதையான பழக்கம்தான். ஆனால் சில சேவைகள், அனுமதி இல்லாதவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரிய வேண்டாம் என்று, 401க்குப் பதிலாக, அப்படி ஒன்று இல்லை என்ற பொருளில் 404 சொல்லும். கிட் களஞ்சியங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில், நிரல்கள் பேசும் வாசலான ஏபிஐ சில இடங்களில் அப்படிச் செய்யும். 404 கேட்டால் யூஆர்எல்லிப் அப்படி ஒன்று இல்லையாம் என்று திரும்பிவிடும். கடவுச்சொல் கடைசிவரை பையை விட்டு வெளியே வராது. நாம் முகவரியில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருப்போம். ரிக்வெஸ்ட்ஸ் நேர்மாறு, பேசிக் முறை என்றால் முதல் தட்டலிலேயே கொடுத்துவிடும்.

ஜாவாவில் இன்னொரு கூத்து. ஆத்தென்டிகேட்டர் என்று ஒன்றை முழு நிரலுக்கும் பொதுவாக நிறுவலாம். யார் கேட்டாலும் அதனிடம்தான் கேள்வி வரும். பலர் அதில் எழுதுவது ஒரே வரி, இந்தா பெயர், இந்தா கடவுச்சொல். கேட்டது எந்த சர்வர், இடையில் இருக்கும் ப்ராக்ஸியா என்று பார்ப்பதற்கு அதிலேயே வழி இருக்கிறது. பார்க்காவிட்டால் 401 சொல்லும் எவருக்கும், தனக்கும் அடையாளம் காட்டச் சொல்லி 407 சொல்லும் எந்த ப்ராக்ஸிக்கும் அதே கடவுச்சொல் போகும். ரிக்வெஸ்ட்ஸிலும், பல அழைப்புகளுக்குப் பொதுவான செஷனுக்கு ஆத் கொடுத்துவிட்டு, அதே செஷனில் இன்னொரு சர்வரையும் அழைத்தால் அங்கேயும் அது போய்ச்சேரும். ஒரு சர்வருக்கு ஒரு செஷன் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம்.

வழிமாற்றத்தையும் சொல்ல வேண்டும். நாம் ஒரு முகவரிக்குப் போகிறோம், சர்வர் இங்கே இல்லை, அங்கே போ என்கிறது. லைப்ரரி நம்மைக் கேட்காமலே அங்கே போகிறது. கையில் இருக்கும் கடவுச்சொல்லையும் எடுத்துக்கொண்டு போகலாமா? வேறு சர்வர் என்றால் கூடாது என்பது இப்போதைய ஒழுங்கு. ஆனால் அந்த ஒழுங்கு அடிபட்டு அடிபட்டு வந்தது. கையால் எழுதிய ஆத்தரைசேஷன் ஹெடரை கர்ல் வேறு சர்வருக்கும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தது, 2018இல் 7.58.0 பதிப்பில்தான் நிறுத்தினார்கள். அதே ஆண்டு ரிக்வெஸ்ட்ஸில், ஒரே சர்வர் எச்டிடிபிஎஸ்-இலிருந்து எச்டிடிபி-க்கு மாற்றிவிட்டாலும் ஹெடர் கூடவே போகும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு 2.20.0 பதிப்பில் அடைக்கப்பட்டது. 2023இல் ப்ராக்ஸியின் கடவுச்சொல் கசியும் ஓட்டை, 2.31.0 பதிப்பு. அப்புறம், நான் மேலே புலம்பிய நெட்ஆர்சி கோப்பிலிருந்தே கசியும் ஓட்டை, 2.32.4 பதிப்பு. லைப்ரரியை எழுதியவர்கள் திறமைசாலிகள், சந்தேகமே இல்லை. அவர்களுக்கே இத்தனை முறை திருத்த வேண்டிவந்தது என்றால் வேலை எவ்வளவு நுட்பமானது என்று பாருங்கள். பாடத்தில் பதிப்பு எண் எதுவும் இல்லை. எந்தப் பதிப்பை நிறுவ வேண்டும் என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

இனி தமிழ்ப் பத்திரிகைக்கு மட்டுமே எழுதக்கூடிய விஷயம். இந்தப் பகுதியை வெட்டிவிடாதீர்கள்.

தமிழில் கடவுச்சொல் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் வைத்தேன். நீளமான ஒரு தொடர், எளிதில் நினைவில் நிற்கும், வேறு யாரும் ஊகிக்க முடியாது என்று பெருமையாக இருந்தது. உலாவியில் அந்தச் சேவை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. நிரலில் கொடுத்தேன். சர்வரை எட்டக்கூட இல்லை, என் கணினியிலேயே விழுந்தது. லத்தீன்-1 குறிமுறையில் இந்த எழுத்துகளை எழுத முடியாது என்று பிழை. ரிக்வெஸ்ட்ஸில் பேசிக் முறைக்குக் கடவுச்சொல்லைச் சரமாகக் கொடுத்தால், அதை லத்தீன்-1 ஆக மாற்றித்தான் அனுப்பும். அதில் இருப்பது 256 இடம். யூனிகோடில் நம் க என்ற எழுத்தின் எண் 2965. எங்கே நுழையும்? உலாவிகளின் ஜாவாஸ்கிரிப்டில் பேஸ்64 ஆக்கும் பிடோவா என்ற செயல்பாடும் இதே காரணத்துக்காக இதே இடத்தில் விழும்.

வழி எளிது. பெயரையும் கடவுச்சொல்லையும் யூனிகோடின் எல்லா எழுத்துகளையும் எழுதக்கூடிய யுடிஎஃப்-8 முறையில் நாமே பைட்டுகளாக மாற்றிக் கொடுத்துவிட்டால் ரிக்வெஸ்ட்ஸ் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக்கொள்ளும். எச்டிடிபிஎக்ஸ் என்ற இன்னொரு லைப்ரரி கேட்காமலே யுடிஎஃப்-8 தான் போடும். 2015இன் அந்த ஆவணமும், தனக்கு யுடிஎஃப்-8 வேண்டும் என்று சர்வரே சொல்லிக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. என் தொடரில் 'கோ' என்ற எழுத்து இருந்தது. நான் என் கணினியில் தட்டினால் திறக்கும், சக ஊழியர் தன் கணினியில் தட்டினால் திறக்காது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. பைட்டுகளை எண்ணியபோதுதான் புரிந்தது. யூனிகோடில் க-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் போடலாம், முன்னால் தெரியும் இரட்டைக் கொம்பையும் பின்னால் தெரியும் காலையும் இரண்டு தனிக் குறிகளாகவும் போடலாம். முதலாவது 6 பைட்டு, இரண்டாவது 9 பைட்டு. படிக்கும் நமக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. அனுப்பும் முன் என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்கு மாற்ற வேண்டும் என்று அந்த ஆவணம் சொல்கிறது. பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுதி ஒரே வரியில் மாற்றிக்கொடுக்கும். மாற்றியதும் இரண்டும் 6 பைட்டாகிவிட்டன, சக ஊழியருக்கும் கதவு திறந்தது. ஒகர, ஓகார, ஔகார எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்களில் இதைப் பற்றி யாரும் மூச்சுவிட மாட்டார்கள், அவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை. தமிழில் பாடம் எழுதுகிறவர்தான் எழுத வேண்டும். தொடரின் ஆசிரியர் ஒரு வாரத்தை இதற்கே ஒதுக்கினால் நான் அதையும் வெட்டிக் கண்ணாடிக்கு அடியில் வைப்பேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த வாரப் பகுதியின் மேலே ஒரு சின்னத் திருத்தம் வேண்டும். பேஸ்64 மறையாக்கம் அல்ல என்று ஒரு வாக்கியம். முகவரி எச்டிடிபிஎஸ்-இல் தொடங்க வேண்டும் என்று ஒரு வாக்கியம். மாதிரி நிரலில் கடவுச்சொல் இருந்த இடத்தில் ஓஎஸ் என்விரான் வரட்டும், கூடுவது ஒரே ஒரு வரிதான், பத்தியில் இடம் இருக்கிறது. இனி எந்த வாரத்திலும் மேற்கோள் குறிக்குள் கடவுச்சொல் வர வேண்டாம், பொய்க் கடவுச்சொல்லாக இருந்தாலும் சரி.

கடிதம் நீண்டுவிட்டது, தெரிகிறது. வெட்ட வேண்டியிருந்தால் அலிபாபாவை எடுத்துவிடுங்கள், ஜாவாவையும் எடுத்துவிடுங்கள். நெட்ஆர்சி கோப்பும் 'கோ'வும் இருக்கட்டும். பயிற்சிப் பெண்ணின் நிரல் இன்னும் கிட்டுக்குப் போகவில்லை. இருந்தாலும் சர்வரின் கடவுச்சொல்லை அன்று மாலையே மாற்றிவிட்டோம். பழையது என்ன என்று இப்போது கேட்டால் சொல்லலாம்தான், ஆனால் பழக்கதோஷம், வாய் வரவில்லை.

இப்படிக்கு,
நிரல் எழுதிப் பிழைக்கும் உங்கள் வாசகி